இலாரியேவின் நாற்பது நாள் தண்ணீர்

வல்செலு கிராமத்தில் ஒருவர் செத்துப்போனால் அன்றிலிருந்து அவருக்குத் தாகம் ஆரம்பிக்கிறது. அதைத் தீர்க்க வேண்டியது உயிரோடு இருப்பவர்களின் பொறுப்பு. நாற்பது நாள், ஒரு நாள் விடாமல், விடிந்ததும் ஒரு வாளித் தண்ணீரை இன்னொருவர் வீட்டுக்குச் சுமந்துபோய்க் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் ஒரு குவளை மொண்டு குடித்துவிட்டு, "ஆண்டவர் ஏத்துக்கட்டும்" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்ன பிறகுதான் அந்தத் தண்ணீர் செத்தவரின் கைக்குப் போய்ச் சேரும். இங்கே என்ன கொடுத்தோமோ அதுதான் அங்கே. கலங்கலைக் கொடுத்தால் கலங்கல். நாற்பதாம் நாள் ஓடைக்குப் போய், சாட்சி வைத்து, தண்ணீரை அவர் பெயருக்கு அவிழ்த்துவிட வேண்டும். அதற்கப்புறம் அவர் எந்நாளும் குடிக்கலாம்.

டோம்னிகா தன் கணவன் இலாரியேவுக்கு அந்த நாற்பது நாளும் குழாய்த் தண்ணீரைத்தான் சுமந்தாள்.

வேறு யாராக இருந்தாலும் ஊற்றுக்குப் போயிருப்பார்கள். பம்பு வீட்டுக்குக் கீழே முப்பது படி இறங்கினால், வாதுமை மரத்தடியில், பாட்டன் காலத்துக் கல்தொட்டியில் ஊற்று விழுந்துகொண்டே இருக்கிறது. ஆனால் டோம்னிகா பம்பு வீட்டுக்காரி. பதினோரு வருடமாக ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவள். காலையில் மோட்டாரைப் போட வேண்டும், தொட்டியில் குளோரின் ஊற்ற வேண்டும், மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். முன்பு நகரத்துப் பின்னல் ஆலையில் பதினெட்டு வருடம் காலுறை பின்னினாள். ஆலையை மூடிய பிறகு இந்த வேலை கிடைத்தது. கூடவே ஒரு நீல மேலங்கியும் கிடைத்தது. அதன் நெஞ்சில் அவளுக்கு முன்னால் வேலை பார்த்தவரின் பெயர் தைத்திருந்தது. அதைப் பிரித்துவிட்டுத் தன் பெயரைத் தைக்க வேண்டும் என்று பதினோரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

இலாரியேவுக்குக் குழாய் என்றால் உயிர். ஊருக்குக் குழாய் பதித்தபோது பள்ளம் தோண்டிய ஆறு பேரில் அவனும் ஒருவன். பாறைக்குள்ளே இருநூற்றெண்பது மீட்டர் துளைத்து எடுத்த தண்ணீர். பளிங்கு மாதிரி இருக்கும், சோப்பு நன்றாக நுரைக்கும். அதற்கு முன்பு வீட்டு வீட்டுக்கு இருந்த கிணறுகளில் மாட்டுக்கொட்டில் வாடை அடிக்கும். தெருவில் நடக்கும்போது அவன் காலால் தரையைத் தட்டிக் காட்டுவான். "இங்க கீழே ஒரு வளைவு இருக்கு. நான் வச்சது. ஒரு சொட்டு ஒழுகாது பாத்துக்க."

ஐம்பத்தெட்டு வயதில், மாடிப்படி ஏறும்போது, பாதிப்படியில் உட்கார்ந்தான், பிறகு எழுந்திருக்கவில்லை. கடைசி ஒரு வருடம் ரத்த அழுத்தம் ஏறி ஏறி நின்றது. கைகளில் பிடிமானம் போய்விட்டது. சாராயக் கோப்பை நழுவி விழுந்ததும், "பேய் புடிச்ச கை" என்று திட்டிவிட்டுச் சிரிப்பான். நகரத்து மருத்துவர், மாத்திரையோடு தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். டோம்னிகா கூஜாவைப் படுக்கைக்குப் பக்கத்திலேயே வைத்தாள். ஒருநாள் கூஜாவில் ஊற்றுத் தண்ணீர் இருந்ததைக் கண்டுபிடித்துவிட்டான்.

"ஏ, இது ஊத்துத் தண்ணி."

"வழியில மொண்டேன். குடிச்சா என்ன, செத்தா போவே?"

"தவளை குடிக்கிற தண்ணி. நம்ம குழாய்க்குத்தான் காயிதம் இருக்கே. நீயே ஊர் மன்றத்துல ஒட்டி வச்சிருக்கே. அதைக் கொண்டா."

அவன் செத்த பிறகு அவள் வாளியைக் குழாய்க்கு அடியில் வைத்ததற்குக் காரணம் இதுதான். அவன் கேட்டது, அவன் பள்ளம் தோண்டிக் கொண்டுவந்தது, காகிதம் உள்ளது.

வாங்கிக்கொள்ள எதிர்வீட்டு துதோசியாவைப் பிடித்தாள். துதோசியாவுக்கு எழுபத்திரண்டு வயது, தனிக்கட்டை, வாய் நீளம். குழாய் இணைப்பு வேண்டாம் என்று ஊரில் எழுதிக்கொடுத்த ஒரே ஆள் அவள்தான். தன் கிணற்றுத் தண்ணீரையே குடித்தாள்.

"உன் குழாய்த் தண்ணி ஆஸ்பத்திரித் தரை மாதிரி நாறுதுடி டோம்னிகா."

"இலாரியேவோட ஆத்மாவுக்குக்கா. ஒரு வாய் குடி."

"ஆத்மாவுக்குன்னா குடிக்கிறேன். அவன் நல்லவன். உனக்குன்னா நாய்க்கு ஊத்தியிருப்பேன்." குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொள்வாள். "ஆண்டவர் ஏத்துக்கட்டும். வாளியை அங்க வை. களிக்கு உலை வைக்க ஆகும்."

ஒவ்வொரு நாளும் வீடு திரும்பியதும் டோம்னிகா ஒரு நெல்லிக்குச்சியில் கத்தியால் ஒரு வெட்டுப் போடுவாள். நாற்பது வெட்டு ஆனதும் ஓடைக்குப் போனார்கள். சுரைக்காய் ஓட்டில் மெழுகுவத்தி நட்டு மிதக்கவிட்டார்கள். டோம்னிகா கரையில் நின்று கேட்டாள்: "இலாரியேவுக்கு நாற்பது நாள் தண்ணி குடுத்தேன். சாட்சி யாரு?" துதோசியா சொன்னாள்: "நான் சாட்சி. குடிச்சவளே நான்தான்." குச்சியை ஓடையில் விட்டாள். ஸ்பெயினிலிருந்து மகன் போனில் கேட்டான், எல்லாம் முடிந்ததா என்று. முடிந்தது என்றாள்.

அந்தக் காகிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நகரத்துச் சோதனைக்கூடத்திலிருந்து வேன் வரும். ஓட்டுநர் பாட்டில்களைக் கொடுப்பான், டோம்னிகா நிரப்பிக் கொடுப்பாள், அவன் குளிர்ப்பெட்டியில் வைத்து எடுத்துப்போவான். ஆண்டுக்கு ஒருமுறை, உலோகம்வரை பார்க்கிற பெரிய சோதனை, நாலு பாட்டில்; அது தொடங்கி ஏழு வருடம்தான் ஆகிறது. அந்த முதல் பெரிய சோதனை நாளில், மோட்டார் பழுதுபார்த்துப் போட்ட மறுநாள், குழாயைத் திறந்ததும் தண்ணீர் துருச் சிவப்பாக வந்தது. ஓட்டுநர் இஞ்சினை நிறுத்தாமல் நின்றிருந்தான். "சீக்கிரம்மா, எனக்கு இன்னும் மூணு ஊர் இருக்கு." அவள் பாட்டிலோடு படியிறங்கினாள். ஊற்றில் நிரப்பினாள்.

அப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவளிடம் சொல்லவில்லை. அதுதான் பின்னால் அவள் மறுபடி மறுபடி எண்ணிப் பார்த்த இடம். ஊர்த்தலைவர் சொல்லியிருந்தால் ஊர்த்தலைவர் தலையில் போட்டிருக்கலாம். வீட்டுக்கு ஆள் வந்தால் அடிபிடித்த களியையா வைப்போம்? நல்ல தட்டில் நல்லதை வைப்போம். விருந்தாளி போன பிறகு அடிபிடித்ததை நாம் தின்போம். அப்படித்தான் செய்தாள். படியேறி வந்தபோது ஊற்றுத் தண்ணீரில் குளோரின் இருக்காதே என்ற நினைப்பும் வந்தது. கேனிலிருந்து ஒரு சொட்டு விட்டாள். கல்யாணப் பெண்ணுக்குக் கன்னத்தில் சாயம் தொட்டு வைப்பது போல, ஒரே ஒரு சொட்டு.

காகிதம் அருமையாக வந்தது. ஊர்த்தலைவர் பெனோனே அதை ஊர் மன்றத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒட்டச் சொன்னார். "டோம்னிகாக்கா, மாவட்டத்துலயே நம்ம தண்ணிதான் தண்ணி." அடுத்த முறை குழாயில் துரு இல்லை. ஆனாலும் அவள் படியிறங்கினாள். ஒருமுறை முதல் மாணவியாக வந்துவிட்டால் மறுமுறை எப்படி இரண்டாவதாக வருவது? பிறகு அது பழக்கமாகிவிட்டது. பழகப் பழக அவளே அந்தக் காகிதத்தை நம்பத் தொடங்கினாள். கண்ணாடிக்குப் பின்னால் முத்திரையோடு இருக்கும் ஒன்றை ஏழு வருடம் பார்த்தால், அது எந்தத் தண்ணீரைப் பற்றியது என்பது மறந்துபோகிறது. பொய் சொன்னவளுக்கே மறக்குமா என்று கேட்டால், மறக்கும். வல்செலுவில் எல்லோரையும்விட அந்தக் காகிதத்தை அதிகம் நம்பியவள் அதைப் பொய்யாக்கியவள்தான்.

ஓடையில் சுரைக்காய் ஓட்டை மிதக்கவிட்ட மூன்று வாரம் கழித்து, தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து விற்க நினைத்த ஒரு வியாபாரி வந்தார். ஏழு வருடக் காகிதங்களைப் படித்துத்தான் வந்தார். காசு போடுகிறவர் என்பதால் தன் ஆளையே கூட்டிவந்து, நேராக ஆழ்துளையின் வாயிலேயே தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். டோம்னிகா பக்கத்தில் நின்று குடை பிடித்தாள். பத்து நாள் கழித்து அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஊர் மன்றத்தைப் பெருக்குவதும் டோம்னிகாவின் வேலைதான்; அவள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பெனோனே அதைப் படித்துக் காட்டினார்.

"பேரியமாம். பாறைக்குள்ள கிடக்கிற ஏதோ உலோகம். இருக்க வேண்டியதைப்போல நாலு மடங்கு இருக்காம்."

"அது என்ன பண்ணும் தலைவரே?"

"இந்தா, எழுதியிருக்கான் பாரு. ரத்த அழுத்தம் ஏறும், தசை பலம் குறையும், இதயத்துக்கு ஆகாது..." அவர் நிறுத்திக்கொண்டார். இலாரியேவின் நினைவு அவருக்கும் வந்திருக்கும். "விடுக்கா. அந்த ஆளு விலை குறைக்கப் பாக்குறான். நம்மகிட்ட ஏழு வருஷக் காயிதம் இருக்கு."

"நிறம் இல்ல, வாடை இல்ல. காய்ச்சினா போயிடுமா?"

"போகாதாம்." கடிதத்தை மடித்தார். "மறுபடி ஒரு பெரிய சோதனைக்கு வேன் வரச் சொல்லியிருக்கேன். நீ எப்பவும் எடுக்கிற மாதிரியே எடுத்துக் குடு."

எப்பவும் எடுக்கிற மாதிரியே. அவருக்குத் தெரியுமா? அந்த வார்த்தையை அவள் எத்தனையோ முறை திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் புரியவில்லை.

அன்று மாலை சாமியாரைத் தேடி மாதா கோவிலுக்குப் போனாள். அவர் தோட்டத்தில் தக்காளிக்குக் குச்சி கட்டிக்கொண்டிருந்தார்.

"சாமி, நாற்பது நாள் தண்ணியை மறுபடியும் குடுக்கலாமா?"

"எதுக்கும்மா? அதான் அவிழ்த்து விட்டாச்சே. நானே பாத்தேன்."

"குடுத்த தண்ணி நல்லதில்லைன்னா?"

"மனசோட குடுத்தே. ஆண்டவர் மனசைத்தான் பாக்குறார்."

"ஆண்டவர் பாப்பார் சாமி. இலாரியே மனசையா குடிக்கிறான்? தண்ணியைல்ல குடிக்கிறான்."

சாமியார் கையிலிருந்த கயிற்றை வாயில் கடித்து அறுத்தார். "மறுபடி குடுக்கக்கூடாதுன்னு நான் எங்கேயும் படிச்சதில்ல. குடுக்கணும்னும் படிச்சதில்ல. ஒண்ணு மட்டும் தெரியும், வாங்கிக்க ஆள் வேணும். ஆள் கிடைச்சா குடு."

வேன் வந்த நாளில் அவள் நாலு பாட்டிலோடு வாசலில் நின்றாள். ஓட்டுநர் பழைய ஆள்தான். "என்னம்மா, படியிறங்கலையா இன்னிக்கு?" என்று கேட்டான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது. ஏழு வருடமாகத் தெரிந்திருக்கிறது. இன்னும் மூன்று ஊர் இருந்ததால் கேட்காமல் இருந்திருக்கிறான். அவள் உள்ளே போய், ஆழ்துளைக் குழாயைத் திறந்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பாட்டில்களை நிரப்பினாள். சொட்டு விடவில்லை.

நாலு மடங்குக்கும் கொஞ்சம் அதிகமாகவே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், பெனோனே ஊர் மன்றத்தில் கூட்டம் போட்டார். நூறு பேர் வந்தார்கள். பின்வரிசையில் நீல மேலங்கியோடு டோம்னிகா. அவளுக்கு முன்னால் துதோசியா, ஊன்றுகோலோடு. ஊன்றுகோல் புதிது.

பெனோனே மூடி மறைக்கவில்லை. எண்ணை அப்படியே படித்தார். நாளையிலிருந்து லாரித் தண்ணீர் வரும், குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், துவைக்கலாம், குளிக்கலாம் என்றார். பிறகு கண்ணாடிப் பெட்டியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பயப்படாதீங்க. இது புதுசா வந்தது. போன மாசம் நடந்த நில அதிர்ச்சியில பாறை எங்கேயோ விரிஞ்சிருக்கும்னு பொறியாளர் சொல்றார். இதோ ஏழு வருஷக் காயிதம். ஒண்ணுலயும் இல்ல. அதுவரைக்கும் நாம குடிச்சது நல்ல தண்ணி."

மன்றம் முழுவதும் மூச்சு விட்டது. பலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். துதோசியா திரும்பிப் பார்த்து, "அப்போ நான் நாப்பது நாள் குடிச்சது நல்லதுதான்டி. கால் வலி வயசுக் கோளாறு போலிருக்கு" என்றாள். கேலியில்லாமல் அவள் டோம்னிகாவிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

டோம்னிகாவுக்கு அந்த நொடியில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு சுலபமாக இருந்தது. புதிதாக வந்தது என்றால் எல்லாம் சரியாகிவிடுகிறது. இலாரியே குடித்த கூஜா நல்ல கூஜா. மாடிப்படியில் அவன் உட்கார்ந்தது விதி. அங்கே அவன் இப்போது குடித்துக்கொண்டிருப்பது சுத்தமான தண்ணீர். தலைவரின் பொய் தலைவரை மட்டுமா காப்பாற்றுகிறது? அவளையும் காப்பாற்றுகிறது, செத்தவனையும் காப்பாற்றுகிறது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஊரே லாரித் தண்ணீருக்கு மாறப்போகிறது, இனிமேல் யாருக்கு என்ன கெடுதல்?

அப்போது ஒரு பெண் முன்வரிசையிலிருந்து கேட்டாள். "அப்ப என் மாமனாருக்கு மூணு வருஷமா இருக்கிற அழுத்தம்?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல," என்றார் பெனோனே. "டாக்டர்கிட்ட இதைப் போய்ச் சொல்லிக் குழப்பாதீங்க."

டோம்னிகா எழுந்தாள். அவளுக்கு மேடைப் பேச்சுத் தெரியாது. நின்று பேசுவதற்கு அவளுக்குத் தெரிந்தது ஓடைக்கரையில் சொல்லும் வார்த்தைகள் மட்டும்தான். அதையே சொன்னாள்.

"சாட்சி வைக்கிறேன் எல்லாரையும். அந்தக் காயிதம் குழாய்த் தண்ணியோடது இல்ல. ஏழு வருஷமும் நான் ஊத்துல மொண்டு குடுத்தேன். ஒரு சொட்டுக் குளோரின் விட்டுக் குடுத்தேன். குழாய்த் தண்ணியை யாரும் பாத்ததே இல்ல. டாக்டர்கிட்ட சொல்லுங்க. இது எப்ப வந்ததுன்னு யாருக்கும் தெரியாது. முதல் நாளே இருந்திருக்கும்."

பெனோனே கண்ணாடிப் பெட்டியின் மேல் கையை வைத்தார்.

"என்னக்கா உளர்றே," என்றார் பெனோனே மெதுவாக. "புருஷன் போன துக்கம் பாவம்..."

"தெளிவாத்தான் பேசுறேன் தலைவரே. வேன்காரனைக் கேளுங்க."

அதற்குப் பிறகு பலர் ஒரே நேரத்தில் பேசினார்கள். எவ்வளவு வாங்கினே என்று ஒருவன் கேட்டான். ஒன்றும் வாங்கவில்லை என்பது இன்னும் மோசமாக இருந்தது. வாங்கியிருந்தால் புரிந்துகொண்டிருப்பார்கள். "சும்மாவா பண்ணினே? எதுக்கு?" என்று அதே ஆள் மறுபடி கேட்டான். நல்லதாகத் தெரியட்டும் என்று செய்தேன் என்று அவளால் சொல்ல முடியவில்லை. துதோசியா எழுந்து, புதிய ஊன்றுகோலை ஊன்றி, அவளைப் பார்க்காமல் வெளியே போனாள்.

மாவட்டத்திலிருந்து விசாரணைக்கு வந்தார்கள். அறிக்கையில் "பணியாளரின் அலட்சியம்" என்று எழுதினார்கள். ஒரே ஒரு பணியாளர். ஏழு வருடம் பாட்டில் எங்கே நிரம்புகிறது என்று ஒருவர்கூட வந்து பார்க்காததற்கு அறிக்கையில் இடமிருக்கவில்லை. பெனோனே நல்ல மாதிரியாகவே நடந்துகொண்டார். மேலங்கியை மட்டும் திருப்பிக் கேட்டார். நெஞ்சில் பழைய ஆளின் பெயரோடு அதைத் துவைத்து, மடித்துக் கொடுத்தாள். அடுத்த தேர்தலுக்காக, பெனோனேதான் லாரி கொண்டுவந்தவர் என்ற பேச்சு ஆரம்பித்திருந்தது.

லாரி காலை எட்டு மணிக்கு வரும். வரிசையில் டோம்னிகா எங்கே நின்றாலும் கடைசிக்குத் தள்ளப்பட்டாள். கையால் யாரும் தள்ளவில்லை. முன்னால் நிற்பவர் பின்னால் வருபவரைக் கூப்பிட்டுத் தனக்கு முன் நிறுத்திக்கொள்வார். அவ்வளவுதான். சிலர் வீட்டில் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தார்கள். காய்ச்சினால் போகாது என்று அவள் சொன்னதற்கு, "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஒருத்தி சிரித்தாள்.

மருத்துவர் வந்து எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார். இலாரியே செத்தது தண்ணீராலா என்று டோம்னிகா கேட்டாள். "இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அவர் புகையும் பிடிப்பார் இல்லையா?" என்றார். அதற்கு மேல் அவளுக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை.

ஒரு காரியம் மட்டும் அவள் கையில் இருந்தது. புது நெல்லிக்குச்சி ஒன்றை வெட்டி வைத்தாள். விடிந்ததும் வாளியோடு முப்பது படி இறங்கினாள். ஊற்று எப்போதும்போல விழுந்துகொண்டிருந்தது. வல்செலுவில் காகிதம் உள்ள தண்ணீர் உண்மையில் அது ஒன்றுதான். ஏழு வருடம், எல்லா வரியிலும் சுத்தம், முத்திரையோடு.

முதல் வீட்டில் கதவு திறக்கவில்லை. இரண்டாம் வீட்டில் திறந்து, வாளியைப் பார்த்துவிட்டுச் சாத்தினார்கள். ரொட்டிக்கடைக்காரி மட்டும் நின்று பேசினாள்.

"இது ஊத்துத் தண்ணி. இலாரியேவோட ஆத்மாவுக்கு. காயிதம் கொண்டாந்திருக்கேன் பாரு."

"இதே காயிதத்தைக் காட்டித்தானே குழாய்த் தண்ணின்னு சொன்னே. இப்ப ஊத்துத் தண்ணின்னு சொல்றே. நாளைக்கு மழைத் தண்ணின்னு சொல்லுவே."

"ஒரு வாய் குடிச்சா போதும்."

"இலாரியேவுக்கு என் அழுகையைத் தர்றேன். உன் கைத் தண்ணி வேணாம்."

ஒன்பது நாள் இப்படிப் போனது. எட்டு வீடு, பதினோரு வீடு என்று ஏறி இறங்கினாள். நாடோடி வண்டிக்காரன் ஒருவன் வாங்கிக் குதிரைக்கு ஊற்றினான். குதிரை "ஆண்டவர் ஏத்துக்கட்டும்" என்று சொல்லாது. சாமியாரிடம் போனாள். அவர் ரத்த அழுத்த மாத்திரையைக் காட்டினார். "எனக்கே பயமா இருக்கும்மா" என்றார். உண்மையைச் சொன்னதற்காக அவர்மீது அவளுக்குக் கோபம் வரவில்லை. குச்சியில் ஒரு வெட்டுகூட விழவில்லை. ஊரில் எவ்வளவு சுத்தமான தண்ணீர், அதைக் கொடுக்க எவ்வளவு ஆசை, வாங்கிக்கொள்ள ஒரு கை இல்லை. அங்கே அவன் என்ன செய்துகொண்டிருப்பான்? பழைய வாளியிலிருந்தே குடித்துக்கொண்டிருப்பான். ரொம்ப நல்ல தண்ணீர் என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் பெருமை பேசிக்கொண்டிருப்பான். காலால் தரையைத் தட்டிக் காட்டிக்கொண்டிருப்பான்.

பத்தாம் நாள், எல்லாக் கதவும் முடிந்து திரும்பும்போது, எதிர்வீட்டு வேலிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"வாளியைத் தூக்கிட்டு ஊர்வலம் போறியா? திருவிழாவா?"

துதோசியா ஊன்றுகோலோடு நின்றிருந்தாள். டோம்னிகா வாளியைக் கீழே வைத்தாள். கைப்பிடி உள்ளங்கையில் கோடு போட்டிருந்தது.

"அக்கா, உங்கிட்ட கேக்க எனக்கு வாயில்ல."

"இல்லதான். ஏழு வருஷம் ஊரைக் குடிக்க வச்சே, என்னை நாப்பது நாள். என் கிணறு மாட்டு நாத்தம் நாறினாலும் என்னோடது, அதை விட்டுட்டு உன் புருஷனுக்காகக் குடிச்சேன். ஓடையில சாட்சியும் நின்னேன். என்னைப் பொய்ச்சாட்சி ஆக்கிட்டே."

"ஆமாக்கா."

"ஆமாக்காவாம்." துதோசியா ஊன்றுகோலால் வேலிக் கதவைத் தள்ளித் திறந்தாள். "குவளையை எடு. எனக்கு அந்தச் சாட்சியை மாத்தணும். பொய்ச்சாட்சியோட நான் சாக மாட்டேன். ஆனா நீ முதல்ல குடி. என் கண்ணு முன்னால. பாதி."

"நான் குடிச்சா தானம் ஆகாதேக்கா. கொடுக்கிறவ குடிக்கக்கூடாது. நான் குடிச்ச பாதி அவனுக்குப் போகாது."

"போகாதுல்ல? போக வேணாம். முழுக் குவளையை நம்பிக் குடிக்கிற காலம் முடிஞ்சுபோச்சு."

டோம்னிகா மொண்டாள். குவளையின் நடுவில் ஒரு கோடு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அதுவரை குடித்தாள். தண்ணீர் பல்லில் கூசியது. துதோசியா அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள், விழுங்குகிறாளா என்று. பிறகு குவளையை வாங்கி, டோம்னிகாவின் வாய் பட்ட விளிம்பை மேலாடை நுனியால் இரண்டு முறை துடைத்தாள். மீதியைக் குடித்தாள்.

சொல்ல வேண்டிய வார்த்தை வரவில்லை. டோம்னிகா காத்திருந்தாள். லாரி ஹாரன் அடித்துக்கொண்டு தெருமுனை திரும்பியது.

"ஆண்டவர் ஏத்துக்கட்டும்," என்றாள் துதோசியா கடைசியில். "எவ்வளவு வந்துச்சோ அவ்வளவு."

"அரைக் குவளை அரைக் குவளையாப் போனா நாப்பது நாள் பத்தாதேக்கா."

துதோசியா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். "எண்பது நாள். பேய் தூக்கிட்டுப் போக, எண்பது நாள் உன் மூஞ்சியில முழிக்கணும்." குவளையைக் கவிழ்த்து உதறினாள். "வாளியை எடுத்துட்டுப் போ. களிக்கெல்லாம் இது வேணாம். எனக்கு லாரித் தண்ணி இருக்கு."

டோம்னிகா வீட்டுக்குப் போய்க் குச்சியை எடுத்தாள். கத்தியை வைத்து, மரத்தின் பாதி ஆழத்துக்கு அழுத்தி, நிறுத்தினாள்.